கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

ஜனவரி 3

டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் மனைவி பூங்கொடிதான் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாள். "நேர்ல கேட்டா எல்லாத்துக்கும் 'ம்'ங்கறீங்க. எழுதியாச்சும் கொண்டாங்க" என்றாள். எழுதுகிறேன். தினமும் எழுதுவேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கப்பலில் வந்த எங்கள் வேனை இன்று துறைமுகத்தில் எடுத்தோம். முத்திரை மேல் முத்திரை குத்தி, மத்தியானம் ஆக்கிவிட்டார்கள். வேனுக்குள் பைக் பத்திரமாக இருந்தது. ஊறுகாய் ஜாடிதான் உடைந்து, சாக்கெட் ஸ்பானர் செட் முழுக்க நார்த்தங்காய். ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன்.

எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. பைக் ஓட்டப்போவது நானில்லை, என் தங்கை தமயந்தி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இந்த அரபுப் பாலைவனத்தில் பத்துப் பதினைந்து நாள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் கடலோரத்தில் போய் முடிக்க வேண்டும்; இந்தப் போட்டிக்கு ராலி என்று பெயர். முடித்தவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள் என்கிறாள். கூட வரவேண்டிய மெக்கானிக் பையனுக்கு டெங்கு. அதனால் நான் வந்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று எழுதியாகிவிட்டது, ஆனால் அது சரியில்லை. இரண்டு வருடம் முன்பு பாலக்காட்டு ரோட்டில் ஒரு லாரிக்காரன் இவளை பைக்கோடு இடித்துத் தள்ளிவிட்டான். இடது தொடையில் எலும்பு மூன்றாக உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறது. நடந்தாலே போதும் என்றார் டாக்டர். நடந்தாள், ஓடினாள், பிறகு ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பைக்கை வெளியே எடுத்தாள். வீட்டில் ஒரு மாதம் யாரும் அவளோடு பேசவில்லை. நானும்தான்.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். "மருதா, அம்மிணி காலு வீங்குச்சுன்னா நீயே போதும்னு சொல்லிக் கூட்டியாந்துரோணும். நீ சொன்னாத்தான் கேப்பா" என்றாள். அம்மிணி என்பது வீட்டில் தமயந்தியைக் கூப்பிடுவது. மருதமலையான் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் பெயரே மருதாசலம். எங்கே போய்த் தப்பிப்பது?

ஜனவரி 5

முகாம் என்றால் தேர்த்திருவிழாக் கடைவீதிதான். லாரி, வேன், கூடாரம், ஜெனரேட்டர், வெல்டிங் வெளிச்சம். தினமும் இதை அப்படியே பிரித்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டும். ஓட்டுகிறவர்கள் மணலுக்குள் போவார்கள். எங்களை மாதிரி ஆட்கள் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போய் முன்னால் காத்திருக்க வேண்டும்.

தமயந்தி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாளைய பாதையைப் படித்தாள். ஃபோனில் வழி பார்ப்பதெல்லாம் கூடாது. காகிதச் சுருள் ஒன்று தருகிறார்கள், அதில் இத்தனை கிலோமீட்டரில் ஒரு பாறை, இத்தனையில் ஒரு பள்ளம், இந்தத் திசையில் திரும்பு என்று பொம்மை போட்டிருக்கிறது. அதை ஹேண்டில்பாரில் மாட்டி உருட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். எனக்குக் கோயமுத்தூரிலேயே புது மேம்பாலம் வந்த பிறகு வழி தெரிவதில்லை.

எண் வரிசைப்படி இடம் ஒதுக்குகிறார்கள். இவள் எண் 94. பக்கத்து இடம் 91, ஒரு செக் நாட்டுக்காரர், தொமாஷ் என்று பெயர். ஐம்பது வயது, எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். அவருடைய மெக்கானிக் பாவெல் எதற்கும் சிரிப்பதில்லை. தென்னை மரத்தில் பாதி உயரம். தன் ஜெனரேட்டரின் புகைக்குழாயைத் தங்கையின் கூடாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான். நான் போய் வேறு பக்கம் திருப்பினேன். அவன் வந்து பழையபடி திருப்பினான். நான் மறுபடி திருப்பினேன். அவர்கள் பைக்கும் எங்கள் பைக்கும் ஒரே கம்பெனி, ஒரே பழைய மாடல். அந்த ஒன்றில்தான் எங்களுக்குள் ஒற்றுமை.

ஜனவரி 6

இன்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

மணலுக்குப் போகும் முன் ஊருக்குள் ஒரு பெட்ரோல் பங்க். நானும் அங்கே டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். இவள் வந்து நின்றாள். பார்த்தால் சங்கிலி முழுக்க மணல். தோளில் துண்டு இருந்தது. குனிந்து ஒரு துடை துடைத்தேன். இருபத்தைந்து வருடமாகப் பட்டறையில் நிற்கிறவன் கை அது, மூளையைக் கேட்டுக்கொண்டா செய்யும்?

மஞ்சள் சட்டை போட்ட ஒரு அதிகாரி அம்மாள் எங்கிருந்தோ வந்து, எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். முகாமுக்கு வெளியே எங்கள் கை பைக்கில் படக்கூடாதாம். போட்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இன்னொருவர் உதவலாம், நாங்கள் கூடாது. ஒரு துடைக்குப் பதினைந்து நிமிடம் தண்டம்.

தமயந்தி கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள். "போச்சாதுங்ண்ணா, பரவால்லீங். இனிமே என்னையப் பாத்தாக் கையப் பின்னால கட்டிக்குங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ராத்திரி அதற்குப் பரிகாரமாக ஏர் ஃபில்டரை இரண்டு தடவை கழுவினேன்.

ஜனவரி 7

நானூறு கிலோமீட்டர் ஓட்டினேன். தார் ரோட்டில். ஒட்டகம் ஒன்று குறுக்கே நின்று என்னைப் பார்த்தது, வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

காலையில் நான் வைத்த குக்கர் மூன்று விசில் விட்டது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து பாவெல் ஜட்டியோடு ஓடிவந்தான், எதுவோ வெடிக்கப்போகிறது என்று நினைத்திருக்கிறான். பிறகு விஷயம் புரிந்ததும் தன் பாஷையில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் திட்டுவது எந்தப் பாஷையிலும் புரியும். நான் ஜெனரேட்டரைக் கையால் காட்டினேன். அவன் குக்கரைக் காட்டினான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். தொமாஷ் நடுவில் வந்து, என்னிடம் ஒரு தட்டு அரிசிம்பருப்புச் சாதம் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனுஷர்.

முகாமோடு கூடவே வருகிற தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் ராமநாதபுரத்துக்காரர். தமிழ் கேட்டதும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினார். அவருக்குப் புண்ணியம்.

ஜனவரி 9

கால் லேசாக வீங்கியிருக்கிறது. லேசாகத்தான்.

ஜனவரி 10

இன்று ஓய்வு நாள். ஓட்டுகிறவர்களுக்குத்தான் ஓய்வு. எனக்கு எண்ணெய் மாற்றல், டயர் மாற்றல், ஸ்போக் இறுக்கல். நேற்றைய மணல்மேட்டில் கிளட்ச் பிளேட் தேய்ந்து மெலிந்துவிட்டது. கொண்டுவந்திருந்த ஒரே செட்டைப் போட்டாகிவிட்டது. உதிரி சாமான் விற்கிற லாரியில் கேட்டேன். புது மாடலுக்குத்தான் இருக்கிறதாம். இது பழசு என்று அந்த ஆள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தமயந்தியின் இடது பூட்ஸ் நேற்று ராத்திரி கழலவில்லை. வாரை முழுக்க அவிழ்த்து, நான் குதிகாலைப் பிடித்து இழுத்து எடுத்தேன். அவள் கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் கட்டி வைத்தோம். முகாம் டாக்டர் அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, பிறகு எங்கள் கூடாரத்துக்கே வந்து, கம்பி நகரவில்லை, வலியைத் தாங்க முடிந்தால் ஓட்டலாம் என்றார். தாங்க முடியுமா என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டவ்வில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மா ஃபோன் பண்ணினாள். கால் எப்படி இருக்கிறது என்றாள். நல்லா இருக்குதும்மா என்றேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 11

நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம். இன்று நன்றாக ஓட்டியிருக்கிறாள். வந்ததும் ஒரு லிட்டர் மோர் குடித்தாள்.

ஜனவரி 12

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். பூங்கொடி இதைக் கேட்பாள்.

இந்த ராலியிலேயே இதுதான் நீளமான நாள். காலையிலிருந்து மணல்மேடுதான். நான் மத்தியானமே புது முகாமுக்கு வந்து, கூடாரம் அடித்து, பருப்பை ஊறவைத்துவிட்டு, பெரிய திரை இருக்கிற பந்தலுக்குப் போனேன். ஒவ்வொரு பைக்கிலும் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள், அது இருக்கிற இடம் திரையில் புள்ளியாகத் தெரியும். பக்கத்தில் எண்ணும் தெரியும். எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி நாள் முழுக்க நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

94 நன்றாகத்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

நிற்பது சகஜம். வழி பார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். ஆனால் இது நகரவே இல்லை. மற்ற புள்ளிகள் எல்லாம் வேறு வழியாகத் தாண்டிப் போகின்றன. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். 94-இன் மேலேயே இன்னொரு எண் ஏறி உட்கார்ந்திருந்தது. 91.

இடித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பினால், என் தோளுக்குப் பின்னால் பாவெல் நிற்கிறான். அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக முறைத்துக்கொண்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதிகாரி ஒருவர் வந்து சொன்னார். விழுந்தது 91. இடுப்பெலும்பில் அடி. 94 அவரைப் பார்த்து நின்று, அபாயப் பொத்தானை அழுத்தி, கூடவே இருக்கிறார். ஹெலிகாப்டர் இன்னொரு இடத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டிருக்கிறது, வர நேரமாகும்.

நம் பிள்ளைக்கு இல்லை என்று ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, குளிர்ந்தது. அடுத்த நொடி பாவெலின் முகத்தைப் பார்த்தேன். நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அவன் வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் ஹெலிகாப்டர் போய்ச் சேர்ந்தது. தொமாஷை ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. அதன் பிறகுதான் 94 நகர்ந்தது. அப்போது வெளியே பந்தலின் நிழல் நீண்டு ரோடு வரைக்கும் போயிருந்தது.

அடிபட்டவருக்காக நின்ற நேரத்தைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். அது இந்த ராலியின் தர்மம். அதிகாரி என்னிடம் அதைத்தான் பெருமையாகச் சொன்னார், ஒரு நிமிடம்கூட இவளுக்கு நஷ்டமில்லை என்று. நேரத்தைத் தருவீர்கள், வெளிச்சத்தை யார் தருவார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டினார். எல்லாருக்கும் பின்னால் ஒரு லாரி வரும், ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள. அதில் ஏறினால் பத்திரமாக முகாமுக்கு வந்துவிடலாம், போட்டியிலிருந்தும் வெளியேறிவிடலாம். ஏறச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்களாம். இவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாளாம்.

இருட்டிவிட்டது. பாவெலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, நாளை ஆபரேஷன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இனி போய்ப் படுப்பான் என்று நினைத்தேன். அவன் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே நின்றான். திரையில் அவன் ஆள் இல்லை. எங்கள் 94 மட்டும்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. நிற்கும், ஊரும், ஒரு மேட்டைச் சுற்றி வரும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவன் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது.

வந்துவிட்டாள். சாப்பாட்டுப் பந்தலைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். கருகல் வாடை அவளுக்கு முன்னால் வந்தது. கிளட்ச். இருட்டில் மேடு தெரியாமல் ஏறி இறங்கி, கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டியிருக்கிறாள். முகாம் வாசலைத் தாண்டியதும் பைக் நகர மறுத்துவிட்டது, அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தோம். உள்ளே என்பதால் நான் தள்ளலாம்.

நேராகப் பாவெலிடம் போனாள். தொமாஷ் கண்ணைத் திறந்துதான் இருந்தார், பேசிக்கொண்டே இருந்தார் என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

"என்ற கைய விடவேயில்லீங்ண்ணா. தூங்க விடக்கூடாதுன்னாங்க. என்ன பேசறதுன்னே தெரீல. தமிழ்லயே பேசிட்டு இருந்தேன்."

என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"அம்மா கோழிக்கொழம்பு வெக்கற பக்குவத்தச் சொன்னேனுங். மொளகா வறுக்கறதுல இருந்து ஆரம்பிச்சேன். கடேசில அவரே 'அப்பறம்?'ங்கற மாதிரிப் பாத்தாருங்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பூட்ஸைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன். காலைப் பற்றி இப்போது எழுதவில்லை.

ஜனவரி 13

ராத்திரியே கிளட்சைத் திறந்து பார்த்தேன். பிளேட் ஏழும் கருகி வளைந்துவிட்டன. என்னிடம் வேறு செட் இல்லை. லாரிக்காரனிடமும் இல்லை. ராலி முடிந்தது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும், அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் தன்னாலே நிறைவேறிவிடும். தங்கைக்கும் என்மேல் வருத்தம் இருக்காது. மருதமலையானே வழி செய்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்த பிறகு நிம்மதி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. அவள் கூடாரத்துக்குள் வெட்டிய பூட்ஸை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி லாரி அப்போதுதான் உள்ளே வந்தது. அதில் தொமாஷின் பைக். பாவெலும் நாலு பேரும் அதை இறக்கினார்கள். முன்பக்கம் நொறுங்கியிருந்தது. அவன் அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கை எடுத்து வந்து, படுக்கப் போட்டு, வலது பக்க மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். எதற்கு என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

தன் ஆளுடைய கிளட்சை முழுசாக எடுத்து, தட்டில் வரிசையாக வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றான். ஒரே மாடல். புதுசு மாதிரி இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அந்த ஒரு நொடிதான் இருந்தது.

ஸ்பானரை நான் எடுத்ததாக ஞாபகம் இல்லை. பார்த்தபோது கையில் இருந்தது.

விடிவதற்குள் மாட்டிவிட்டோம். பாவெல் பிடித்தான், நான் இறுக்கினேன். ஒரு தடவை அவன் ஒரு வாஷரை மறந்தான், நான் நீட்டினேன். இன்னொரு தடவை நான் அவசரத்தில் போல்ட்டைக் கோணலாக ஏற்றப் பார்த்தேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். முடிந்ததும் குக்கரைப் பற்றவைத்தேன். விசில் வந்தபோது அவன் திடுக்கிடவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டான். ஜெனரேட்டரின் புகைக்குழாய் இன்றைக்கு வேறு பக்கம் பார்த்திருந்தது. யார் திருப்பினார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மனுஷனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் தமயந்தியின் கூடாரத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

ஜனவரி 14

தமயந்தியின் வீட்டுக்காரர் ரகுபதி, மகளோடு சேர்ந்து வாழ்த்து அனுப்பியிருக்கிறார். ஃபோனில் அந்தப் புள்ளியைப் பார்ப்பதற்காக மளிகைக் கடையைச் சீக்கிரம் அடைக்கிறாராம். ஃபோனில் பேசும்போது, நான் வந்ததற்கு நன்றி என்றார். நான் பருப்பு விலை கேட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். முகாம் சமையல்காரரிடம் வெல்லம் கிடைக்கவில்லை, பேரீச்சம்பழப் பாகு கொடுத்தார். அதையே ஊற்றிப் பொங்க வைத்தேன். ராமநாதபுரத்துத் தண்ணீர் லாரிக்காரர் முந்திரி கொண்டுவந்தார். பொங்கி வழிந்தபோது நாங்கள் மூன்று தமிழரும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்றோம். நான்காவதாக ஒரு கனத்த குரலும் கேட்டது. பாவெல் அதை எப்படிச் சொன்னான் என்று எழுத்தில் எழுத முடியாது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொமாஷ் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். கோழிக்குழம்பு எங்கே என்று கேட்டாராம்.

அம்மா ஃபோன் பண்ணினாள். பொங்கல் பொங்கியதா என்றாள், எந்தப் பக்கம் வழிந்தது என்றாள். பிறகு கால் எப்படி என்றாள். நல்லா இருக்குதும்மா என்றேன்.

ஃபோன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"மருதா, நீ பொய் சொல்றப்ப 'ம்மா'வ இழுப்பே. பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து அப்படித்தான்."



"எத்தன நாளு பாக்கி?"

நாளை ஒரு நாள்தான் என்றேன்.

"சரி. முடிச்சுட்டே வரச் சொல்லு. உன்ற சத்தியத்த நானே மலைக்குப் போயி எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன்."

எப்போது போனாய் என்று கேட்டேன். போன வாரமே என்றாள். முழங்கால் வலியோடு படி ஏறியிருக்கிறாள். ஃபோனை வைத்த பிறகு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மணலில் கண் எரிகிறது என்று தமயந்தியிடம் சொன்னேன்.

ஜனவரி 16

ஊரில் இன்று பட்டிப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள். விடியற்காலையில் நான் பைக்கைக் கழுவி, டேங்கில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை, முகாமுக்குள்தானே.

குறுகிய ஓட்டம்தான், கடலோரத்தில் முடிகிறது. பாவெலும் நானும் என் வேனிலேயே போனோம். அவன் லாரி முன்னால் போய்விட்டது. போட்டி முடிகிற எல்லையைக் காட்டும் பலகைக்குப் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்கு வெளியே நின்றோம். ஒவ்வொருவராக வந்தார்கள். அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், மணலில் படுத்துப் புரண்டார்கள். 94-ஐக் காணோம். எல்லாரும் வந்து, கூட்டம் பாதி கலைந்த பிறகுதான் தூரத்தில் புழுதி தெரிந்தது. இவள்தான் கடைசி. பின்னால் லாரி மட்டும்தான்.

கயிற்றுக்கு உள்ளே பலகைக்கு முன்னால் மணல் மாவு மாதிரி. நூற்றுக்கணக்கான வண்டிகள் உழுது போட்டிருந்தன. நன்றாகத்தான் வந்தாள். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள் என்று நினைக்கிறேன். முன்சக்கரம் புதைந்தது. பைக் இடது பக்கமாகச் சாய்ந்தது, ஊன்ற வேண்டிய கால் அந்தக் கால். மடங்கிவிட்டது. வண்டி விழுந்தது, அவளும் விழுந்தாள்.

பலகை ஒரு பத்தடி தூரத்தில்.

நான் கயிற்றைத் தாண்டிவிட்டேன். ஒரு கால் உள்ளே போய்விட்டது. தமயந்தி ஹெல்மெட்டைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தாள். நான் காலை வெளியே எடுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதல் தடவை ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினாள். பாதி எழுந்து மறுபடி விழுந்தது. இரண்டாவது தடவை அந்த அளவுகூட எழவில்லை. பெட்ரோலோடு ஒன்றரைக் குவிண்டால் கனம் அது. உதவலாம் என்று விதி சொல்கிற யாரும் அவளுக்குப் பின்னால் பாக்கியில்லை. லாரி பக்கத்தில் வந்து, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது. அன்றைக்கு என்னைக் குறித்துக்கொண்ட அதே அம்மாள் பலகைக்குப் பக்கத்தில் கொடியோடு நின்றார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் கட்டியிருந்த என் கைமேல் ஒரு பெரிய கை வந்து இறுகப் பிடித்துக்கொண்டது. பாவெல் என்னைத் தடுத்தானா, தாங்கினானா என்று தெரியாது. விடவில்லை.

தமயந்தி கொஞ்ச நேரம் மண்ணில் உட்கார்ந்தாள். முடியவில்லை என்று கை காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். போதும் அம்மிணி என்று வாய்க்குள் சொல்லியும்விட்டேன். அவள் திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் பின்பக்கத்தையும் பிடித்தாள். நல்ல காலை மட்டும் ஊன்றி, பின்னால் தள்ளித் தள்ளிப் பின்னடி வைத்தாள். அலைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, எழுந்து, நின்றது.

ஏறி உட்கார அவளுக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆயிற்று. பட்டனை அழுத்தினாள். தொமாஷின் கிளட்ச் பிடித்தது. பத்தடி ஓட்டினாள். கொடி இறங்கியது.

எல்லாரும் ஓடினார்கள். பாவெல் ஓடினான். தண்ணீர் லாரிக்காரர் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை, அவரும் ஓடினார். என்னால் ஓட முடியவில்லை. கை பின்னாலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. மெதுவாக நடந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்றேன். முருகா, முருகா என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

தமயந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் மணல், அதில் இரண்டு கோடு கண்ணிலிருந்து இறங்கியிருந்தது. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இப்பத் தொடலாமுங்ண்ணா."

கையை அவிழ்த்தேன். கட்டிப்பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது, அது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்தேன். குனிந்து, சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தேன்.